“போதும் டாக்டர்” என்று நோயாளி சொல்லலாமா?

தீராத நோயில் படுத்துவிட்ட பெரியவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை அடிக்கடி வரும். “ஒரு ஊசியப் போட்டு என்னை அனுப்பி வச்சிடுங்கய்யா.” கேட்டதும் மகன் “இப்படியெல்லாம் பேசாதீங்கப்பா” என்று அதட்டுவார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுவாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியவர் உண்மையில் என்ன கேட்டார், ஏன் கேட்டார், அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. இந்த முறை நாம் அதைத்தான் யோசிக்கப் போகிறோம். காலையிலேயே சாவுப் பேச்சா என்று நினைப்பவர்கள் வேலை முடிந்து வந்து நிதானமாகப் படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள்.

பத்திரிகைகள் இதற்குக் ‘கருணைக் கொலை’ என்று பெயர் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் யூதனேசியா என்பார்கள். அது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘நல்ல சாவு’ என்று பொருள். நம் பாட்டிமார்கள் சாமியிடம் வேண்டிக் கொள்வதும் அந்த நல்ல சாவைத்தானே! தமிழில் பெயர் வைத்தவர்கள் ‘கொலை’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டதால் ஒரு பெரிய குழப்பம் உண்டாகிவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்களையெல்லாம் அந்த ஒரே பெயரில் போட்டு அடைக்கிறோம்.

நோயாளி கேட்டுக்கொண்டார் என்பதற்காக, டாக்டர் மருந்தை ஏற்றி அவர் உயிரை முடித்து வைப்பது ஒரு காரியம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-ஆம் ஆண்டு முதல் இதைச் சட்டப்படி அனுமதிக்கின்றன. கனடா 2016-இல் அனுமதித்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல் டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நோயாளி தன் கையாலேயே எடுத்துக் குடிக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த இரண்டுக்குமே இடம் கிடையாது.

“எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்” என்று நோயாளி சொல்வது முற்றிலும் வேறு காரியம். சுவாச இயந்திரம் வேண்டாம், நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்ப வேண்டாம், இனி டயாலிசிஸ் போதும் என்கிறார். இங்கே அவரை யாரும் கொல்லவில்லை. நோய் தன் வழியில் போகிறது. டயாலிசிஸை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் இறந்து போகிறார்கள். இறந்ததற்குக் காரணம் சிறுநீரகம் கெட்டதுதான். தாதியும் டாக்டரும் பழிகாரர்கள் ஆக மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு கடினமானது என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். மும்பாயில் கே.ஈ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் தாதி வேலை செய்து வந்தார். கர்நாடகத்துப் பெண். 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி, அதே மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி அவரைத் தாக்கினான். மூளைக்கு ரத்தம் போகாமல் மூளை கெட்டுப்போனது. அன்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மூச்சு தானாக வந்தது; பேச்சு இல்லை, நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. கிட்டத்தட்ட 42 ஆண்டுகள் அப்படியே கிடந்தார்.

அவருடைய கதையைப் புத்தகமாக எழுதிய பிங்கி விரானி என்ற பத்திரிகையாளர், “இது வாழ்க்கையா? உணவு செலுத்துவதை நிறுத்தி அவரைப் போக விடுங்கள்” என்று உச்ச நீதிமன்றத்திற்குப் போனார். மருத்துவமனைத் தாதிகள் எதிர்த்தார்கள். ஒரு பரம்பரை ஓய்வு பெற்றுப் போக, அடுத்த பரம்பரை வந்து அவரைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, புரட்டிப் போட்டுப் பார்த்துக் கொண்டது. அத்தனை ஆண்டில் அவருக்கு ஒரு படுக்கைப்புண் கூட வந்ததில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். பக்கவாதத்தில் விழுந்த ஒருவரை ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

2011-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அருணாவின் விஷயத்தில் முடிவைச் சொல்ல உரிமை அவரைப் பார்த்துக் கொள்பவர்களுக்கே உண்டு. அவர்கள் வேண்டாம் என்பதால் மனு தள்ளுபடி. ஆனால் அதே தீர்ப்பில், ஊசி போட்டுக் கொல்வது கூடாது என்றும், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு, மீள முடியாதவர்களுக்கு உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். 2015-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி நிமோனியா கண்டு அருணா இறந்தார். 2018-இல் ஐந்து நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம், அதை மதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

விரானி கேட்டது தப்பா, தாதிகள் செய்தது சரியா? இரண்டு தரப்பும் அன்பினால்தான் பேசியது. ஆனால் அருணா என்ன நினைத்தார் என்று இருவருக்குமே தெரியாது. 25 வயதுப் பெண்ணிடம் “உனக்கு இப்படி ஆனால் என்ன செய்யட்டும்?” என்று யார் கேட்டு வைத்திருப்பார்கள்? நம் வீடுகளில் 75 வயதுக்காரரிடமே கேட்பதில்லையே!

சரி, நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். மலேசியாவில் நோயாளி கெஞ்சிக் கேட்டார் என்பதற்காக டாக்டரோ பிள்ளையோ உயிரை எடுத்தால் அது குற்றம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் தானே சம்மதித்தார் என்பது நிரூபணமானால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கலாம். நிரபராதி ஆகிவிட முடியாது, நீண்ட சிறை உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. நல்ல காரியம், மனம் உடைந்தவருக்கு வேண்டியது வைத்தியம், லாக்கப் அல்ல. ஆனால் மற்றவர் சாவுக்குத் துணை போவது இன்றும் குற்றம்தான்.

சிங்கப்பூரில் 1996-இல் ஒரு தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 21 வயதான எவரும், தனக்குத் தீராத நோய் வந்து சாவு நெருங்கி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று படிவத்தில் எழுதிப் பதிவு செய்யலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் டாக்டர். சொத்தில் பங்கு வரக்கூடியவர் சாட்சி போட முடியாது. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து கொள்ளலாம். வலி நீக்கும் மருந்தையும் சாதாரணப் பராமரிப்பையும் நிறுத்த அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கருணைக் கொலைக்கு இது அனுமதி அல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மலேசியாவில் இப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதம் இல்லாமல் டாக்டர் அவர் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்பது இங்கேயும் சட்டம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். 1982-இல் ஒரு பெண் கார் விபத்தில் சிக்கிக் கழுத்தில் அடிபட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைகால் விழுந்து போனது. இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே தனக்குச் சொல்லவில்லை என்று வழக்குப் போட்டார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2006-இல்தான் முடிந்தது. சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்களே தங்களுக்குள் முடிவு செய்து கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே “டாக்டர், இதைச் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இனிப்புநீர் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கால் புண் அழுகி, காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், “காலை வெட்டி நொண்டியாக இருப்பதைவிடப் போய்ச் சேர்ந்துடறேன்” என்று வீட்டுக்கு வந்து விடுகிறவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமைதான். ஆனால் உடம்பெல்லாம் புற்று பரவியவர் “போதும்” என்பதும், கால் புண்காரர் “வேண்டாம்” என்பதும் ஒன்றல்ல. முன்னவருக்குச் சிகிச்சை சாவைத் தள்ளிப் போடுவதோடு சரி. பின்னவர் காலை எடுத்தால் பொய்க்கால் போட்டு நடந்து பேரப்பிள்ளை கல்யாணத்தைப் பார்க்கலாம். எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிச் சில நாளில் போய்விடலாம். பயத்தில் சொல்கிற “வேண்டாம்” என்பதை அன்று இரவே முடிவாக எடுத்துக் கொள்ளாதீர்கள். ஏற்கெனவே கால் எடுத்து நடமாடுகிற ஒருவரை அழைத்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார வையுங்கள். டாக்டர் சொல்வதைவிட அவர் சொல்வது நன்றாகப் புரியும்.

இனி நம் குடும்பங்களில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி மலாய் பிடிபடவில்லை. மகன் மொழிபெயர்க்கிறார். “கல்லீரலில் புற்று, முற்றி விட்டது, இன்னும் சில மாதங்கள்” என்கிறார் டாக்டர். மகன் தலையை ஆட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பி, “ஒன்னுமில்லப்பா, வயித்துல புண்ணு. மருந்து சாப்பிட்டா சரியாயிடும்” என்கிறார். அப்பா “அப்படியா” என்கிறார். பிறகு அப்பா கையெழுத்து இல்லாமலே எல்லாம் முடிவாகிறது.

மகனைக் குறை சொல்ல முடியாது. தெரிந்தால் அப்பா உடைந்து போவார் என்ற பயம்தான். ஆனால் நாற்பது வருஷம் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்ற மனுஷனுக்குத் தன் உடம்பு தளர்வது தெரியாதா? அவருக்கும் தெரியும். மகன் வருத்தப்படுவானே என்று அவரும் தெரியாதது போல் நடிக்கிறார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகக் கிடந்து தவிக்கிறார்கள். ஈபிஎப் பணம், வீட்டு கிராண்ட், கடைசிப் பெண்ணின் கல்யாணம், பத்து வருஷமாகப் பேசாத தம்பி, எல்லாம் சொல்லாமலே போய்விடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. “உங்க நோயப் பத்தி டாக்டர் சொன்னத முழுசாத் தெரிஞ்சிக்கணுமாப்பா, இல்ல எங்ககிட்ட விட்டுடறீங்களா?” என்று முதலில் கேட்கலாம். “நீங்களே பாத்துக்குங்க” என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். சொல்லச் சொன்னால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைக்கு வாய் வராவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ டாக்டரையோ கூப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

மறுபடியும் அந்த “ஊசியப் போட்டுடுங்க” என்ற வார்த்தைக்கு வருவோம். அப்படிக் கேட்கும்போது பெரியவர் சொல்ல வருவது பல சமயம் வேறாக இருக்கும். “வலி தாங்கல” என்பதாக இருக்கலாம். “ராத்திரியில தனியாக் கிடக்கப் பயமா இருக்கு” என்பதாக இருக்கலாம். மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்கும் மருந்து உண்டு. எல்லாவற்றையும் விட அடிக்கடி இருப்பது, “நான் உங்களுக்குப் பாரமா இருக்கேன்” என்பதுதான்.

இந்தப் பாரம் என்ற வார்த்தை பொல்லாதது. தமிழ்நாட்டில் விருதுநகர் வட்டாரத்தில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையான கிழவரையோ கிழவியையோ எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்து, இளநீரை நிறையக் கொடுத்துச் சாகடிப்பது. சொந்தபந்தத்திற்குத் தெரிந்தே நடக்கும். வெளியே கேட்டால் ‘வயசாகிப் போச்சு’ என்று முடித்து விடுவார்கள். சட்டப்படி அது கொலை. செய்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீட்டில் படுக்கையில் கிடப்பவரை யார் பகல் முழுக்கப் பார்ப்பது? ஆனால் அதில் கிழவரிடம் யார் கேட்டார்கள்? அவர் ‘சரி’ என்றே சொன்னாலும், கஞ்சிக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் சொன்ன அந்தச் ‘சரி’க்கு என்ன மதிப்பு?

ஆகவேதான், டாக்டர் கையால் உயிரை முடிக்கும் சட்டம் நம் நாட்டுக்கும் வர வேண்டும் என்று சிலர் பேசும்போது இந்தப் பகுதிக்கு அதில் அவசரம் இல்லை. அவர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. என் உடம்பு, என் வலி, என் முடிவு என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல. ஆனால் வசதியுள்ளவருக்கு அது உரிமையாக இருக்கும். சம்பளத்தை எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்தில் அதுவே ஒரு நெருக்குதலாக மாறிவிடலாம். வலிக்கு மருந்து கிடைக்காதவர், பார்த்துக் கொள்ள ஆள் இல்லாதவர், சாவைக் ‘தேர்ந்தெடுத்தார்’ என்று எழுதி வைப்பது பொய்க் கணக்கு. முதலில் வலி போக வேண்டும். பிறகு கேட்டுப் பாருங்கள், அதே ஆள் என்ன சொல்கிறார் என்று.

வலி போகுமா? பெரும்பாலோருக்குப் போகும். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் தாதியாக இருந்து, சமூக ஊழியராக வேலை செய்து, பிறகு படித்து டாக்டரானவர். சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக் கொள்ள 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வலி வருமுன்னே மணிக்கணக்குப்படி கொடுப்பது என்பது அவர் காட்டிய வழி. உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வெளியிட்டது. அதன் மேல் படியில் இருப்பது மோர்பின்.

மோர்பின் என்றதும் நம்மவர்கள் நடுங்குகிறார்கள். “அது கடைசி மருந்து, கொடுத்தா ஆளு முடிஞ்சிடும்”, “கஞ்சா மாதிரி பழகிடும்” என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. டாக்டர் கணக்குப்படி, வலிக்குத் தக்க அளவில் கொடுத்தால் மோர்பின் சாவைக் கொண்டு வருவதில்லை. புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுபவர் போதைக்காரர் ஆவதும் அரிது. குடிக்கும் மருந்தாகக் கொடுத்தால் சாதாரணமாக நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை. “இப்ப வலி இல்லையே” என்று வேளையைத் தவற விடக் கூடாது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் போகாது. ஆகவே மோர்பின் எழுதும்போதே மலம் இளகும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு அளவு வேறு, மருந்தே வேறாகவும் இருக்கலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் குடிக்கவே கூடாது.

இந்த வைத்தியத்திற்கு ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். தமிழில் வலிநிவாரணப் பராமரிப்பு எனலாம். மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முதல் தனிப் பிரிவு 1995-இல் கோத்தா கினபாலுவில் தொடங்கியது. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இயங்குகிறது. அதன் தாதிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து, கட்டணம் வாங்காமல் பார்க்கிறார்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் இதுபோன்ற சங்கங்கள் உண்டு. உள்ளே தள்ளி இருக்கும் தோட்டங்களுக்கு வண்டி எட்டுவதில்லை என்பது உண்மைதான். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் “பாலியேட்டிவ் டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர் யோசித்து, “ஆஸ்பத்திரி வேணாம், வீட்டிலேயே இருக்கறேன்” என்று முடிவு செய்துவிட்டால் அதைப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது சொல்ல வையுங்கள். ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, டாக்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ கடைசி நாளில் ஓடிவரும் ஒரு மகன், “எப்படியாச்சும் காப்பாத்துங்க” என்று அப்பாவை மறுபடியும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார். வேதனை தாங்காமல் செய்கிற காரியம் அது. ஆனால் அப்பா கேட்டது அதுவல்ல. பெரியவர் மனசு மாறி, “ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றால் அதற்கும் உடனே தலைவணங்க வேண்டும்.

கடைசி நாள்களில் சாப்பாடு இறங்காது. “பட்டினி போட்டுக் கொன்னுட்டோமே” என்று பெண்கள் அழுவார்கள். உடம்பு அடங்கும்போது அதற்குப் பசி எடுப்பதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறல்தான் உண்டாகும். பால் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளில், நினைவில்லாதவர் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றாமல், விரலை நனைத்து உதட்டில் தடவினாலே போதும். வாயை ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது சில ஆஸ்பத்திரிகளில் ‘சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்ற பாரத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டதால் மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. புறப்படுமுன் மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது, தீர்ந்தால் எங்கே வாங்குவது, இரவில் வலி கூடினால் யாருக்கு போன் போடுவது என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். நோயின் பெயரும் கொடுக்கும் மருந்தும் எழுதிய கடிதம் ஒன்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மரணம் வீட்டில் நேர்ந்தால் காரணம் விசாரிக்க வரும் அதிகாரிகளுக்கு அதைக் காட்ட வேண்டியிருக்கும். அடையாளக் கார்டையும் அந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியும்படி வையுங்கள்.